வேலிக்குள் இறங்கிய பூநாரைகள்

மன்னார்த் தாராபுரத்தில் ஒரு கலியாண வீட்டு ஆல்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிய றொஷேல், வந்த வழியால் போகாமல் உவர் வெளியான தரவைப் பக்கம் போகும் சின்ன ரோட்டில் ஸ்கூட்டியைத் திருப்பினாள். அதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. தை மாதத்துக் காலை. வெயில் இன்னும் சுடத் தொடங்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து உப்பு வாசத்துடன் காற்று வந்தது.

அவள் பள்ளிமுனைக்காரி. மன்னார் ரவுணில் சின்னதாக ஒரு ஸ்ரூடியோ வைத்திருந்தாள். கலியாணம், சாமத்தியவீடு, புதுநன்மை என்று கிழமை முழுவதும் ஆட்களை நிறுத்தி, நாடியை உயர்த்தச் சொல்லி, சிரிக்கச் சொல்லிப் படம் எடுப்பதுதான் வேலை. சொல்லாமல் சிரித்த முகத்தைக் கடைசியாக எப்போது எடுத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

வளைவில் முள்ளுக்கம்பி வேலி ஒன்று தொடங்கியது. வேலிக்கு அப்பால் மாரி மழைத் தண்ணீர் தேங்கி, உவரேறி, கண்ணாடிபோலக் கிடந்தது. அதன் நடுவில் யாரோ ரோசா நிறச் சேலை ஒன்றை நீளத்துக்கு விரித்து விட்டிருப்பதுபோலத் தெரிந்தது. ஸ்கூட்டியின் வேகத்தைக் குறைத்தாள். சேலை அசைந்தது. அசைந்த இடத்தில் கழுத்துகள் முளைத்தன.

மன்னாரில் பிறந்தவளுக்குப் பூநாரை புதிதல்ல. பாலத்தைக் கடக்கும்போது பஸ் யன்னலால் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள். ஆனால் அவை எப்போதும் தூரத்தில், தண்ணீரும் வானமும் ஒட்டுகிற இடத்தில், வெள்ளைப் புள்ளிகளாகத்தான் நிற்கும். இவை வேலிக்குப் பக்கத்தில் நின்றன. ஒவ்வொரு பறவையின் காலிலும் முழங்கால் மடிப்பு தெரிந்தது. கண் தெரிந்தது, மஞ்சளாக. அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் வைத்து அரித்துக்கொண்டிருந்தன. அத்தனை அலகுகளின் சத்தமும் சேர்ந்து, ஊரிலுள்ள பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அரிசி களைவதுபோலக் கேட்டது.

ஸ்கூட்டியை நிறுத்தியது அவளுக்கு ஞாபகமில்லை. பையைத் திறந்து நீட்டு லென்ஸை மாட்டியதும் ஞாபகமில்லை. கமெராவைக் கண்ணில் வைத்து இரண்டு மூன்று படம் எடுத்திருப்பாள். லென்ஸுக்குள் திடீரென்று ஒரு மனிதனின் நெஞ்சு வந்து நின்றது.

"படம் எடுக்க வேண்டாம்."

வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவருக்கு அறுபது வயதிருக்கும். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். கழுத்தில் கறுத்த நூலில் சின்னச் சிலுவை. ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது.

"ஐயா, நான் குருவியளைத்தான் எடுக்கிறன்."

"எதையும் எடுக்க வேண்டாம். இது என்ர காணி. உறுதிப்பத்திரம் இருக்கிற காணி."

"நான் உங்கட காணிக்குள்ள வரேல்லையே. ரோட்டிலதானே நிக்கிறன்."

அவர் இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு லென்ஸுக்கு முன்னால் நின்றார். றொஷேல் இடப்பக்கம் நகர்ந்தாள். அவரும் நகர்ந்தார். வலப்பக்கம் வந்தாள். அவரும் வந்தார். அவருக்குப் பின்னால் பறவைகள் எதையும் பொருட்படுத்தாமல் தண்ணீரை அரித்துக்கொண்டே இருந்தன. அவளுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. கமெராவைப் பைக்குள் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

அன்று பின்னேரம் மதுஷிகாவுக்குப் போன் எடுத்தாள். கொன்வென்ரில் ஒன்றாகப் படித்தவள், இப்போது மன்னார் நீதிமன்றத்தில் சட்டத்தரணி.

"ரோட்டு ஆரின்ர?" என்று மதுஷிகா கேட்டாள்.

"பிரதேச சபையின்ர பேர்ப்பலகை ஒண்டு நிக்குது."

"அப்ப பொது ரோட்டு. பொது இடத்தில நிண்டு கண்ணுக்குத் தெரியிறதை எடுக்கலாம். ஆமிக் காம்ப், துறைமுகம் மாதிரி இடம் எண்டால் வேற கதை. இது வெறும் தண்ணியும் குருவியும்தானே. ஆனா வேலிக்குள்ள கால் வைச்சியெண்டால் அவர் சொல்லுறதுதான் சட்டம். எடுக்காதை எண்டால் எடுக்க ஏலாது, வெளியில போ எண்டால் போகத்தான் வேணும்."

"வேலிக்கு மேலால கமெராவை நீட்டினால்?"

"றொஷேல், உனக்கு என்ன நடந்தது?"

அரிசி களைவது போன்ற அந்தச் சத்தம் இன்னும் காதுக்குள் இருந்தது.

அடுத்த நாள் விடிந்ததும் மறுபடி போனாள். ரோட்டின் தார் ஓரத்தைத் தாண்டாமல், வேலியிலிருந்து நன்றாக விலகி நின்றாள். சொல்லி வைத்ததுபோல அவர் வந்தார். இந்த முறை கையை விரிக்கவில்லை. அவளை ஒருதரம் பார்த்துவிட்டுப் போனைக் காதில் வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் பொலிஸ் சார்ஜன் பைசர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஹெல்மெற்றைக் கழற்றி, முகத்தைத் துடைத்து, இரண்டு பேரும் சொன்னதையும் பொறுமையாகக் கேட்டார். காணிக்காரரின் பெயர் லோறன்ஸ் என்பது அப்போதுதான் றொஷேலுக்குத் தெரிய வந்தது.

"சரி, இஞ்ச பாருங்கோ ரெண்டு பேரும்," என்று சார்ஜன் தொடங்கினார். "இதில விஷயம் என்னண்டால்..."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. தண்ணீரில் நின்ற பறவைகள் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கியிருந்தன. கழுத்துகள் எல்லாம் நிமிர்ந்து, நாணற்காடு ஒன்று எழுந்து நின்றதுபோல ஆயிற்று. பிறகு தலைகளை இடமும் வலமுமாக வெட்டித் திருப்பிக்கொண்டு, எல்லாம் ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கின. நடந்துகொண்டே நடுவில் ஒன்று சிறகை விரித்தது. மூடியிருந்தபோது வெளிறிக் கிடந்த உடம்புக்குள்ளிருந்து இரத்தச் சிவப்பும் கன்னங்கறுப்பும் வெளியே வந்து மறைந்தன. இன்னொன்று விரித்தது. பிறகு இன்னொன்று. அந்தச் சிவப்பு கூட்டத்துக்குள் அங்குமிங்கும் பற்றிப் பற்றி அணைந்தது.

றொஷேல் கமெராவைத் தூக்கவில்லை. பக்கத்தில் சார்ஜன் மெல்லிய குரலில் "சுபஹானல்லாஹ்" என்றார். லோறன்ஸ் வேலிக்கம்பியைப் பிடித்தபடி, மற்ற இருவருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பறவைகள் நடந்து முடித்து மறுபடி தண்ணீருக்குள் தலையைப் போடும்வரை மூவரும் அப்படியே பார்த்து நின்றார்கள்.

"என்ன சொன்னனான்?" என்றார் சார்ஜன்.

"விஷயம் என்னண்டால் எண்டு சொன்னீங்கள் சேர்," என்றாள் றொஷேல்.

"ஓம். விஷயம் என்னண்டால், மிஸ் ரோட்டில நிண்டு எடுக்கலாம். அதை நான் மறிக்க ஏலாது. உள்ளுக்கு வந்தால்தான் நான் நடவடிக்கை எடுக்க வேணும்."

"அப்ப என்ர காணிக்கு என்ன மரியாதை சேர்?" என்று லோறன்ஸ் கேட்டார்.

"உள்ளுக்கு வரக் கூடாது எண்டுற மரியாதை இருக்கு. பார்க்கக் கூடாது எண்டு சொல்ல ஏலாது ஐயா. உங்களுக்கு விருப்பமில்லாட்டி மறையுங்கோ. மறைக்கிறது உங்கட உரிமை. அதை அவ கேக்க ஏலாது."

சார்ஜன் இதைச் சமாதானமாகத்தான் சொன்னார். லோறன்ஸ் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் றொஷேல் போனபோது வேலியைக் காணவில்லை. அதன் நீளத்துக்கும் நீலப் பிளாஸ்ரிக் தறப்பாள் கட்டியிருந்தது. கிழிந்தது, தைத்தது, வெயிலில் வெளிறியது என்று பல துண்டுகள், கயிற்றால் கம்பியோடு சேர்த்து இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. தறப்பாளுக்கு அந்தப் பக்கம் அரிசி களையும் சத்தம் மட்டும் கேட்டது. அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. சட்டம் தன் பக்கம் என்று சந்தோசப்பட்டவள், அதே சட்டம் தன் மூக்குக்கு நேரே நீலமாக நிற்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது காற்று எழும்பியது.

மன்னார்க் காற்றுக்கு அறிவிப்பு எதுவும் இல்லை. கடலிலிருந்து ஒரு வீச்சு வந்து தறப்பாளை உள்ளே அமுக்கி வெளியே அறைந்தது. வெடி வெடித்தது போன்ற சத்தம். மறுபடி அறைந்தது. அந்தப் பக்கத்தில் களையும் சத்தம் நின்றது. பறவைகள் கத்தத் தொடங்கின, வாத்தைப்போலக் கரகரத்த குரலில். பிறகு தண்ணீரில் ஆயிரம் கால்கள் ஓடும் சத்தம்.

தறப்பாளுக்கு மேலால் முதல் பறவை எழுந்தது. அதன் பின்னால் கூட்டம் முழுவதும் எழுந்தது.

"ஐயோ, போகுது, போகுது," என்று லோறன்ஸின் குரல் கேட்டது. அவர் உள்ளே ஓடி ஓடிக் கயிறுகளை இழுத்துக்கொண்டிருந்தார். முடிச்சுகளை ரோட்டுப் பக்கம் போட்டிருந்ததால் உள்ளிருந்து அவிழ்க்க வரவில்லை.

றொஷேல் பையை ஸ்கூட்டியில் போட்டுவிட்டு வேலியடிக்குப் போனாள். "ஐயா, நீங்க இழுக்காதேங்கோ, இறுகுது. நான் இஞ்சால அவிழ்க்கிறன்."

அவர் இழுப்பதை விட்டார். அவள் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்க, அவர் உள்ளே தறப்பாளைப் பிடித்து இறக்கினார். கம்பி முள் அவள் புறங்கையைக் கிழித்தது. காற்று ஒரு துண்டை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் போட்டது. கடைசித் துண்டை இறக்கியபோது இருவரும் முகத்துக்கு முகம், நடுவில் வெறும் கம்பி வேலியோடு, மூச்சு வாங்க நின்றார்கள்.

தலைக்கு மேலே வெளிச்சம் மாறியது. இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கூட்டம் போய்விடவில்லை. கடல்வரை போய், வட்டமடித்துத் திரும்பி, அவர்களுக்கு மேலால் வந்துகொண்டிருந்தது. முன்னால் நீட்டிய கழுத்தும் பின்னால் நீட்டிய காலுமாக ஒவ்வொன்றும் ஒரு நீளக் கோடு. அந்தக் கோட்டின் நடுவில் சிவப்பும் கறுப்பும் அடித்து அடித்து வந்தன. சிறகுகளின் காற்று முகத்தில் பட்டது. அவற்றின் நிழல்கள் ரோட்டிலும் மணலிலும் லோறன்ஸின் வெறும் தோளிலும் ஓடிப் போயின. வானத்தில் இவ்வளவு சிவப்பு இருக்க முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் றொஷேல் நம்பியிருக்க மாட்டாள்.

"எடுங்கோ," என்றார் லோறன்ஸ், மேலே பார்த்தபடியே. "இனி நான் மறிக்க மாட்டன். உதுகள் நிண்டால் போதும்."

தறப்பாள்களைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

றொஷேல் ஸ்கூட்டிக்கு ஓடிப்போய்க் கமெராவை எடுத்தாள். அவள் திரும்பியபோது வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் வந்து தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள். காற்றுக் கொண்டுபோய்ப் போட்ட தறப்பாளை எடுக்கத்தான். வீட்டில் போடுகிற, சாயம் போன பூப்போட்ட சோட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்தாள். தறப்பாளை அள்ளிப் பிழிந்து மடித்து, இடுப்பில் வைத்துக்கொண்டு கரைக்குத் திரும்பும்போது பறவைகள் இறங்கத் தொடங்கின.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால். அவளுக்கு முன்னால் ஒன்று இறங்கியது, தண்ணீரில் சில அடி ஓடி நின்றது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு எல்லாத் திசையிலும். கையை நீட்டினால் தொடலாம்போல அவை அவளைச் சுற்றி இறங்கி, சிறகை மடித்து, தலையைத் தண்ணீருக்குள் போட்டன. அவள் முகத்தை மட்டும் உயர்த்தி, இன்னும் இறங்கிக்கொண்டிருந்தவற்றைப் பார்த்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

றொஷேல் அந்த முகத்தை எடுத்தாள்.

ஸ்ரூடியோவில் அதைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. தன் கையால் எடுத்த படம் என்று சொல்ல அவளுக்கே கூச்சமாக இருந்தது. அந்தப் பெண்ணின் முகத்தில் பயம் இல்லை, சிரிப்பும் இல்லை. கோயிலில் நற்கருணை உயர்த்தும்போது சில முகங்களில் வந்து போகிற ஒன்று இருந்தது. அதை எடுப்பதற்கென்றே அவள் எத்தனையோ பூசைகளில் பீடத்துக்குப் பக்கத்தில் காத்து நின்றிருக்கிறாள். ஒருநாளும் கிடைத்ததில்லை.

மதுஷிகா ஸ்ரூடியோவுக்கே வந்து பார்த்தாள். வழக்கமாகக் கதைத்துக்கொண்டே இருப்பவள் கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்துப் போட்டாள்.

"பேஸ்புக்கில போடலாமோ?" என்று றொஷேல் கேட்டாள்.

"ரோட்டில நிண்டு எடுத்தனி. அவரும் எடுங்கோ எண்டு சொல்லிப்போட்டார். போட்டால் உனக்கு எதிரா வழக்குப் பேச வாறவன் கஷ்டப்படுவான்."

"அப்ப போடலாம்."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. அவர் சொன்னது குருவியளை. இது தன்ர வளவுக்குள்ள வீட்டு உடுப்போட நிக்கிற ஒரு மனுசி. கோர்ட்டில கேட்டால் என்ன சொல்லுவினமோ, எனக்குத் தெரியாது. அவையள் என்ன சொல்லுவினம் எண்டு நீயே போய்க் கேட்டுப் பார்."

படத்தைப் பெரிதாக அச்சடித்து, சுருட்டாமல் மட்டைக்கு நடுவில் வைத்து எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் றொஷேல் போனாள். இந்த முறை ரோட்டில் நிற்கவில்லை. படலையில் தட்டி, "வீட்டுக்காரர்," என்று கூப்பிட்டாள்.

லோறன்ஸ் அவளை உள்ளே விட்டு, மாமரத்துக்குக் கீழே ஒரு பிளாஸ்ரிக் கதிரையைக் காட்டினார். அவள் படத்தை நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே எதிர்க் கதிரையில் இருந்தார்.

"இதை எங்க போடப் போறியள்?"

"எங்கயும் போடேல்லை ஐயா. உங்களைக் கேக்காமல் போடக் கூடாதெண்டுதான் வந்தனான்."

"போட வேண்டாம்."

அவள் தலையாட்டினாள். ஆனால் எழும்ப முடியவில்லை. அவர் படத்தைத் திருப்பித் தரவும் இல்லை.

"தொண்ணூறில சண்டைக்குள்ள நானும் மனுசியும் இந்தியாவுக்குப் போனனாங்கள்," என்றார். "போட்காரன் கரைக்குக் கொண்டுபோய் விடேல்லை, ஒரு மணல் திட்டியில இறக்கிப்போட்டுப் போயிட்டான். அடுத்த நாள்தான் ஆக்கள் வந்து ஏத்தினது. கரையில இறங்கேக்க இவ கையில பிள்ளை. உடுப்பெல்லாம் ஈரம். தலைமயிர் விரிஞ்சு கிடக்கு. ஆரோ ஒருத்தன் கமெராவோட முன்னால வந்து நிண்டு எடுத்தான். நான் மறைக்கிறதுக்குள்ள எடுத்திட்டான்."

அவர் படத்தை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"பிறகு அங்க எந்தக் கந்தோருக்குப் போனாலும் சுவரில அந்தப் படம், இவ. அரிசி குடுக்கிற இடத்தில இவ, கூட்டம் வைக்கிற மண்டபத்தில இவ. கீழ 'அகதிப் பெண்' எண்டு போட்டிருக்கும். நான் வரிசையில நிண்டு என்ர மனுசியைப் பாக்கிறன், பக்கத்தில நிக்கிறவனும் பாக்கிறான். அதுவும் கடற்கரைதானே. பொது இடம். எடுத்தவன் சட்டப்படி பிழையொண்டும் செய்யேல்லை."

றொஷேல் தரையைப் பார்த்தாள்.

"அகதிக் காம்ப் வீட்டுக்குக் கதவில்லை, சாக்குத்தான். வாற வெள்ளைக்காரனும் பேப்பர்காரனும் சாக்கைத் தூக்கிப்போட்டு எடுப்பான். இஞ்ச திரும்பி வந்து, இந்தக் காணியைத் துப்பரவாக்கி, முள்ளுக்கம்பி அடிச்ச அண்டைக்குத்தான் நான் வடிவா நித்திரை கொண்டனான். அதுதான். உங்களில கோபம் ஒண்டும் இல்லை."

"ஆர் வந்திருக்கினம்?"

அந்தப் பெண் அடுப்படிக்குள்ளிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கிட்டத்தில் பார்க்கும்போது படத்தில் தெரிந்ததைவிட வயதாகத் தெரிந்தாள். அருளம்மா என்று லோறன்ஸ் கூப்பிட்டு, படத்தைக் கவிழ்த்து வைக்கப் பார்த்தார். அவள் அதை அவர் முழங்காலிலிருந்து எடுத்துவிட்டாள்.

முதலில் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். வெயிலுக்குத் திருப்பினாள். விரலால் தொடாமல், விரலைப் படத்துக்கு மேலால் பறவை பறவையாக நகர்த்திக்கொண்டு போனாள்.

"இது நானோ?"

"ஓம் அன்ரி."

"எனக்குப் பின்னால இவ்வளவும் நிண்டதோ? நான் முன்னால நிண்டதுகளைத்தான் கண்டனான். பின்னால சத்தம் மட்டும் கேட்டது. மூச்சு விட்டாலும் எழும்பிப் போயிடுமெண்டு பயந்துகொண்டு நிண்டனான்." விரலைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவந்தாள். "இதுகளுக்கு நடுவில நிண்டிருக்கிறன். பாருங்கோவன்."

"பிள்ளை இதைப் போடலாமோ எண்டு கேட்டு வந்தது. நான் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்," என்றார் லோறன்ஸ்.

அருளம்மா படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "காணி உங்கட எண்டு நீங்க சொன்னியள். ரோட்டு எல்லாருக்கும் பொது எண்டு பொலிஸ் வந்து சொன்னது. இதில நிக்கிறது நான். என்னட்டை ஆரும் கேட்டதோ?"

றொஷேல் கதிரையை விட்டு எழுந்தாள்.

"இப்ப கேக்கிறன் அன்ரி," என்றாள் றொஷேல். "நீங்க சொல்லுங்கோ."

அருளம்மா படத்தைக் கதிரையில் நிமிர்த்தி வைத்தாள். "முதல்ல வா," என்றாள். "உதைக் கொண்டு வாறதெண்டாலும் கொண்டு வா." கமெராவைத்தான் சொன்னாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு றொஷேல் அவளுக்குப் பின்னால் தண்ணீருக்குள் இறங்கினாள். சேறு காலை வாங்கியது. தண்ணீர் எதிர்பார்த்ததைவிடச் சூடாக இருந்தது. அருளம்மா ஓரடி வைத்து, நின்று, பறவைகள் தலையைப் போட்ட பிறகு அடுத்த அடி வைத்தாள். றொஷேலும் அவள் வைத்த இடத்தில் கால் வைத்தாள். மெல்ல மெல்ல அந்தச் சத்தம் அவர்களைச் சுற்றி வந்து மூடியது. இப்போது அது அரிசி களையும் சத்தம் மட்டுமாக இல்லை. அலகு அரிப்பதற்குக் கீழே இன்னொரு ஒலி இருந்தது, தொண்டைக்குள்ளிருந்து வரும் தாழ்ந்த முணுமுணுப்பு, செபமாலைக்கு ஊர்ச்சனம் சேர்ந்து பதில் சொல்வதுபோல. அந்த ஒலி தண்ணீர் வழியாக வந்து முழங்காலில் அதிர்ந்தது.

ஒரு பறவை தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. வளைந்த அலகிலிருந்து தண்ணீர் சொட்டியது. மஞ்சள் கண்ணுக்கு நடுவில் கறுப்புப் புள்ளி ஒரு தரம் சுருங்கி விரிந்தது. பிறகு, பார்த்தது போதும் என்பதுபோல, மறுபடி தலையைத் தண்ணீருக்குள் போட்டது. அத்தனை உயிர்கள் தங்களுக்குள் ஒரு இடம் விட்டு, அதில் அவளை நிற்க விட்டிருந்தன.

அவள் படம் எடுக்கத்தான் செய்தாள். நிறைய எடுத்தாள். பிறகு பார்த்தபோது அவற்றில் ஒன்றுகூடச் சரியாக வந்திருக்கவில்லை.

கரைக்கு வந்து காலைக் கழுவும்போது அருளம்மா சொன்னாள். "போடு பிள்ளை. ஆனா கீழ என்ர பேர் இருக்க வேணும். முழுப்பேர். மரியநாயகம் அருளம்மா. பெண் எண்டு போடக் கூடாது, மன்னார்ப் பெண், மீன்பிடிப் பெண், ஒண்டும் வேண்டாம். என்ர பேர்."

"போடுறன் அன்ரி."

லோறன்ஸ் கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரைக் கேட்பதா விடுவதா என்று தெரியாமல் றொஷேல் அவரைப் பார்த்தாள்.

"அவவின்ர பேர் அவவின்ர விருப்பம்," என்றார் அவர். "இடத்தின்ர பேரைப் போடாதேங்கோ. வான் பிடிச்சுக்கொண்டு சனம் வரும், டிரோன் விடும், இதுகள் போயிடும்."

"போட மாட்டன் ஐயா."

அப்படியேதான் போட்டாள். படத்துக்குக் கீழே 'மரியநாயகம் அருளம்மா' என்று மட்டும் எழுதினாள். ஊர் பார்த்தது, நாடு பார்த்தது. எந்த இடம் என்று கேட்டு எத்தனையோ பேர் எழுதினார்கள். அவள் பதில் எழுதவில்லை. கொழும்பிலிருந்து ஒரு சஞ்சிகைக்காரர் பேசினார். அட்டையில் போடுகிறோம், ஆனால் பெயர் நீளமாக இருக்கிறது, 'பூநாரைப் பெண்' என்று போட்டால் எடுப்பாக இருக்கும் என்றார். றொஷேல் முடியாது என்று போனை வைத்தாள். வைத்த பிறகு கொஞ்சம் கவலையாகவும் இருந்தது. அட்டைப் படம் என்பது சின்ன விஷயமல்ல.

இடம் தெரிந்த சிலர் வரத்தான் செய்தார்கள். அவர்களில் ஒருவர் சார்ஜன் பைசர். யூனிபோம் இல்லாமல், மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து, தார் ஓரத்தைத் தாண்டாமல் ரோட்டில் நின்றார். லோறன்ஸ் வீட்டிலிருந்த கதிரைகளை வேலிக்கு மேலால் தூக்கிக் கொடுத்தார். அவர்கள் ரோட்டில் இருந்து பார்த்தார்கள். அருளம்மா தேத்தண்ணி கொண்டுவந்தாள். மதுஷிகாவும் ஒருநாள் வந்து, நீதிமன்றத்துக்குக் கட்டிய வெள்ளைச் சேலையோடு நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

பங்குனி முடிகிறபோது தண்ணீர் வற்றியது. ஒரு காலை றொஷேல் போனபோது வெளி முழுக்க வெறுமையாக இருந்தது. பறவைகள் முதல் நாள் பின்னேரமே போய்விட்டன என்று லோறன்ஸ் சொன்னார். வடக்குப் பார்த்துப் போயின, அருளம்மா கண்ணுக்கு மறையும்வரை வேலியடியில் நின்று பார்த்தாள் என்றார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று றொஷேல் காய்ந்த சேற்றைப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் ஒன்றுமில்லாமல் கிடந்தது. அவள் ஸ்கூட்டியைத் திருப்பப் போனாள்.

"நில்லுங்கோ பிள்ளை," என்றார் அவர். போய்ப் படலையைத் திறந்தார். "உள்ளுக்கு வாங்கோ. இதை ரோட்டில நிண்டு பார்க்க ஏலாது."

அவள் உள்ளே போனாள். அவர் சுட்டிய இடத்தில் குனிந்து பார்த்தபோது சேற்றில் ஒரு வளையம் இருந்தது. பறவை ஒன்று நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றிக் காலால் மிதித்து, தலையைக் கீழே வைத்து அரித்த அடையாளம். நடுவில் சின்ன மேடு, சுற்றிலும் வட்டப் பள்ளம், அதில் விரல் இடைச் சவ்வின் தடம் ஒவ்வொன்றும் அச்சடித்ததுபோல. அதற்குப் பக்கத்தில் இன்னொரு வளையம். அதற்கப்பால் இன்னொன்று. றொஷேல் நிமிர்ந்தாள். வேலி முதல் வேலிவரை, கண் போகிற தூரமெல்லாம், தரை முழுவதும் வளையங்கள்.

"மிதிக்காமல் வாங்கோ," என்று சொல்லிவிட்டு லோறன்ஸ் முன்னால் நடந்தார். இரண்டு வளையங்களுக்கு இடையில் கால் வைக்க இடம் தேடித் தேடி, அவள் பின்னால் போனாள்.